ஒரு மாத்திரை அட்டை பத்தமடைக்கு வந்த வழி

பத்து வெள்ளை மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் மெட்பார்மின், சர்க்கரை நோய்க்கான மருந்து. அட்டையின் பின்பக்கத் தகட்டில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் இதற்குச் சீனி மாத்திரை என்று பெயர். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று போடுகிறவருக்கு ஓர் அட்டை ஐந்து நாள் ஓடும். மாதத்துக்கு ஆறு அட்டை வேண்டும்.

சென்னையில் டெண்டராகத் தொடங்கி, மாவட்டக் கிடங்கில் தங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னல் வழியாக, பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு பெண்ணின் வீட்டு அலமாரிக்கு இந்த அட்டை போய்ச் சேர்கிறது. வழிநெடுக யாராவது எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். டெண்டரில் மாத்திரையை எண்ணுகிறார்கள். கிடங்கில் ரூபாயை எண்ணுகிறார்கள். ஆஸ்பத்திரியில் வருகையை எண்ணுகிறார்கள். மாத்திரையை விழுங்குகிற ஆளை எண்ணுவது யார்? அடிக்கடி ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறவர் யார், எதற்காக ஏறுகிறார் என்று தெரியாவிட்டால், எத்தனை லட்சம் அட்டைகள் வந்து இறங்கினாலும் ஏழை நோயாளியின் உடம்பு தேறாது. இந்த அட்டையின் பயணத்தை முழுக்கச் சொல்ல நினைப்பது அதற்காகத்தான்.

செடியிலிருந்து டெண்டர் வரை

மெட்பார்மினின் வேர் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் இருக்கிறது. அதில் உள்ள குவானிடின் வகைப் பொருள் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும். நேரடியாகக் கொடுத்தால் நஞ்சாகவும் மாறும். 1922இல் டப்ளினில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் என்ற இரு வேதியியலாளர்கள் அந்த வகையைச் சேர்ந்த மெட்பார்மினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். இன்சுலின் கண்டுபிடிப்பின் ஆரவாரத்தில் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1957இல் பாரிஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். ஐரோப்பாவில் பரவிய மருந்துக்கு அமெரிக்கா 1994 டிசம்பர் வரை அனுமதி தரவில்லை.

அமெரிக்கா அனுமதி தந்த அதே சமயத்தில் சென்னையில் வேறொரு வேலை தொடங்கியது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி, 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளில் மருந்து இல்லை என்பது அன்றாடப் பேச்சு. வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டெழுதிக் கொடுத்துவிடுவார்கள். கழகம் வந்ததும் மாநிலம் முழுமைக்கும் தேவையான மருந்துகளை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு, மருந்தின் மூலப்பெயரில் வாங்கினார்கள். மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன ஏற்பாடு இது.

கம்பெனியிலிருந்து வரும் பெட்டிகள் நேரே மாவட்டக் கிடங்குக்கு வருகின்றன. வந்த உடனே யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி ரகசிய எண் இட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தரம் சரி என்று முடிவு வரும்வரை நம் அட்டை கிடங்கில் தனியாக ஒதுங்கிக் கிடக்கும். பிறகுதான் அதற்கு விடுதலை.

கிடங்கில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. இந்த நிலையத்துக்கு இந்த ஆண்டு இத்தனை ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு வைத்திருப்பார்கள். மருந்து எடுக்க எடுக்கப் பாக்கி குறையும். எது எவ்வளவு வேண்டும் என்று கேட்கும் உரிமை மருத்துவமனைக்கு இருப்பதால், தேவையில்லாத மருந்து தலையில் கட்டப்படுவதில்லை. நல்ல முறைதான். ஆனால் எவ்வளவு வேண்டும் என்பதை மருந்தாளுநர் எப்படி முடிவு செய்கிறார்? போன மாதங்களில் எவ்வளவு செலவானது என்று பார்த்துத்தான். அந்தச் செலவுக் கணக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. மருந்து கேட்டு எழுதும் பட்டியலுக்கு இண்டெண்ட் என்று பெயர். வராதவருக்கு அதில் இடம் கிடையாது.

பத்தமடை

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்கு முன்னால் வருகிறது பத்தமடை. கன்னடியன் கால்வாய் பாயும் ஊர். தாமிரபரணிப் படுகையின் கோரையை அறுத்து, கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பட்டு போல மடிக்கக்கூடிய பாயாக நெய்யும் ஊர் என்று உலகத்துக்குத் தெரியும். புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். வீட்டுக்குள்ளேயே, தரையோடு தரையாக அமைந்த தறி. குனிந்த முதுகு, மடக்கிய முழங்கால். பாய்க்கு இவ்வளவு என்றுதான் கூலி. உட்காராத நாளுக்குக் கூலி இல்லை. சுற்றுவட்டாரத்தில் இன்னும் பெரிய கூட்டம் பீடி சுற்றுகிறது. அதற்கும் எண்ணிக்கைக்கேற்ற கூலிதான், அதற்கும் அதே முதுகுவலிதான்.

மருத்துவத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. சுவாமி சிவானந்தர் 1887இல் இங்கே குப்புசாமியாகப் பிறந்தவர். மருத்துவம் படித்து, ஆங்கிலத்தில் ஒரு உடல்நல இதழ் நடத்தி, 1913இல் மலேயாவுக்குக் கப்பலேறி, ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பத்தாண்டு கூலித் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ரிஷிகேசத்தில் துறவியான பிறகும் அவர் மருந்துப் பெட்டியைக் கைவிடவில்லை.

ஒரு கூலிக்காரருக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் அரை நாள் வேலை போகும். காலையில் பத்தமடை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஓபி சீட்டு வாங்கி, பிரஷர் பார்த்து, டாக்டரைப் பார்த்து, மருந்து ஜன்னலில் நின்று வீடு திரும்பும்போது வெயில் ஏறிவிடும். மருந்து இலவசம், சீட்டும் இலவசம். போன கூலியை யாரும் தருவதில்லை. புண், கண், சிறுநீரகம் என்று சிக்கல் கூடினால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை ஜனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே போய் வந்தால் முழு நாளும் போய்விடும்.

சீட்டு சொல்லாத கதை

நம் அட்டை இப்போது மருந்து ஜன்னலில் நிற்கிறது. அதை வாங்க வருகிறவர் கையில் ஓபி சீட்டு இருக்கிறது. சீட்டில் ஓர் எண் உண்டு. அந்த எண் வரிசைக்கானது. இன்று இத்தனையாவது ஆள் என்று அது சொல்லும். இவர் இந்த மாதத்தில் எத்தனையாவது தடவை வருகிறார் என்று சொல்லாது. ஒருவர் பத்துத் தடவை வந்தாலும், பத்துப் பேர் ஒரு தடவை வந்தாலும் மாதக் கணக்கில் பத்துதான்.

பெயரை வைத்துத் தேடலாமே என்றால், நெல்லைச் சீமையில் அது எளிதில்லை. ஒரு தெருவிலேயே இசக்கியம்மாள் நாலு பேர், பேச்சியம்மாள் மூன்று பேர் இருப்பார்கள். பாத்திமா பீவி ஒரு பதிவேட்டில் பாத்துமா, இன்னொன்றில் பாத்திமுத்து. வயது கேட்டால் அறுபது அறுபத்தஞ்சு இருக்கும் என்ற பதில். கொடுக்கும் போன் நம்பர் சென்னையில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். ஒரு பெண்ணின் பிரஷர் ஒரு நோட்டில், முழங்கால் வலி இன்னொன்றில், காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டது மூன்றாவதில். மூன்றும் ஒரே பெண் என்று தெரிய, அவரை முகம் பார்த்து அறிந்த ஒரு நர்ஸம்மா அங்கே இருக்க வேண்டும். அவருக்கு மாற்றல் வந்துவிட்டால் அந்த அறிவும் பஸ் ஏறிவிடும்.

அடிக்கடி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகமும் இல்லை. மாதம் தவறாமல் மாத்திரை வாங்க வருகிறவர் ஒரு ரகம். அவர் வருவதுதான் வைத்தியம் நடப்பதற்கு அடையாளம். இரண்டாவது ரகம், நோயின் வேர் தீராததால் வருகிறவர். கிறுகிறுப்பு, கை கால் எரிச்சல், அசதி என்று வாரம் ஒருமுறை வந்து ஓர் ஊசி கேட்பார். அவருடைய சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லை என்பதே அந்த எல்லா வரவுக்கும் காரணமாக இருக்கும். மூன்றாவது ரகம், ஊருக்கு ஊர் அலைகிறவர். இங்கே ஒரு நாள், சேரன்மகாதேவி அரசு மருத்துவமனையில் ஒரு நாள், முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் ஒரு நாள், அவசரத்துக்குத் தனியார் டாக்டர், நடுவில் மெடிக்கல் ஷாப். எந்த இடத்துக் கணக்கிலும் அவர் அடிக்கடி வருகிறவராகத் தெரிய மாட்டார். ஆனால் உள்ளதிலேயே அதிகம் அலைந்து, அதிகம் கடன்பட்டவர் அவர்தான்.

நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு. அடிக்கடி வர வேண்டியவர்கள், வராதவர்கள். அவர்களுக்குச் சீட்டே இல்லை.

காம்டன் கற்ற பாடம்

இந்தத் தேடல் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் காம்டன் என்ற ஏழை நகரம் இருக்கிறது. அங்கே ஜெஃப்ரி பிரென்னர் என்ற மருத்துவர் மருத்துவமனைகளின் பில்களை அடுக்கிப் பார்த்து, நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவரே மொத்தச் செலவில் 30 விழுக்காட்டுக்குக் காரணமாக இருப்பதைக் கண்டார். அந்த ஒருவரைக் கண்டுபிடித்து, வீட்டுக்கே நர்ஸையும் சமூகப் பணியாளரையும் அனுப்பினால் அவர் நலமடைவார், செலவும் குறையும் என்பது அவர் நம்பிக்கை. மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே 2011இல் எழுதிய கட்டுரையால் அது உலகப் புகழ் பெற்றது.

பிறகு அதை முறையாகச் சோதித்தார்கள். 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அந்த உதவியைக் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உதவி பெற்ற பாதியில் 62.3 விழுக்காடு, பெறாத பாதியில் 61.7 விழுக்காடு. வித்தியாசம் இல்லை. ஓர் ஆண்டு மிக அதிகமாக மருத்துவமனை ஏறி இறங்கியவர்களில் பலர் அடுத்த ஆண்டு தாமாகவே குறைந்துவிடுகிறார்கள். அதை உதவியின் பலன் என்று முன்பு நினைத்துவிட்டார்கள். இன்னொன்று, அந்த நோயாளிகளைக் கண்டுபிடித்தபோதே அவர்களின் உடம்பும் வாழ்க்கையும் மிகவும் சிதைந்திருந்தன.

அந்த அனுபவத்திலிருந்து பத்தமடை எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பில் பெரிதான பிறகு ஆளைத் தேடினால் காலம் கடந்துவிடும். நம் நாட்டிலும் காப்பீட்டுத் திட்டங்கள் ஆளை அறிவது அவர் படுக்கையில் சேர்ந்த பிறகுதான். தமிழ்நாட்டில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டின் இடத்தில் 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான காப்பீடு அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளிக்கும் பெரிய துணை. சிறுநீரகம் கெட்ட பிறகு அது பணம் தரும். கெடாமல் காக்க வேண்டியது இந்த மாத்திரை அட்டை. அது ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது நோயின் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும்.

கடைசி மைல்

ஆரம்ப சுகாதார நிலையங்கள் நெடுங்காலம் பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல் ஆகியவற்றுக்கான இடமாகவே இருந்தன. உலக வங்கி உதவியோடு 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், முதலில் சில மாவட்டங்களில் பிரஷரையும் பிறகு சர்க்கரையையும் கண்டறிந்து தொடர்ந்து மருந்து தரும் முறையைக் கொண்டுவந்தது. 2012 முதல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. முப்பது வயது தாண்டியவர் எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் பிரஷர் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

அப்போதும் வருகிறவர்தான் கணக்கில் வந்தார். 2020இல் மாநிலம் முழுக்க நடந்த ஆய்வு அதன் விளைவைக் காட்டியது. வயது வந்தவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காடு. நீரிழிவு 17.6 விழுக்காட்டினருக்கு, அதில் கட்டுக்குள் இருந்தது 10.8 விழுக்காடு. மருந்து கிடங்கில் இருக்கிறது, தரமும் சரியாக இருக்கிறது, காசும் கேட்பதில்லை. அப்படியிருந்தும் நூறு சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய 89 பேருக்குக் கட்டுப்பாடு இல்லை. சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. சிலருக்குத் தெரிந்தும் மருந்தில்லை. சிலர் மருந்து போட்டும் சரியாகவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்கள் தன்னார்வலர்களாக, பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். 45 வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நோய்த்தணிப்பு நர்ஸும், பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார்கள். வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் பைகளும் வீட்டுக்கே போகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

நம் அட்டையின் கதையில் இது பெரிய திருப்பம். இதுவரை ஜன்னலில் காத்திருந்த அட்டை இப்போது தெருவில் இறங்கி நடக்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம், ரேஷன் கார்டு விவரங்களை அடிப்படையாகக் கொண்டு குடும்பம் குடும்பமாகப் பதிவேடு உருவானது. ஒரு குடும்பம், அதில் இத்தனை உறுப்பினர், இன்னாருக்கு இன்ன நோய் என்று கைபேசிச் செயலியில் ஏறுகிறது. சீட்டில் வரிசை எண்ணாக இருந்தவர் இங்கே ஆளாகிறார். நாலு இசக்கியம்மாளும் நாலு வீட்டு வாசலில் நாலு வேறு பெண்கள்.

அலமாரியில் மிச்சமிருக்கும் அட்டைகள்

தன்னார்வலர் அந்தத் தெருப் பெண்தான். வீட்டுக்குள் போகத் தயங்க மாட்டார். போய் உட்கார்ந்து அலமாரியைப் பார்த்தால், எந்தப் பதிவேடும் சொல்லாத ஒன்று அவர் கண்ணில் படும். அங்கே நடக்கக்கூடிய பேச்சு இப்படி இருக்கும்:

"என்னம்மா, போன மாசம் தந்ததுல ரெண்டு அட்டை அப்படியே கெடக்கு? போடலியா?"

"வெறும் வயித்துல போட்டா கொமட்டுது தாயி. காலையில டீய குடிச்சுட்டுத் தறியில உக்காந்தா பதினோரு மணிக்குத்தான் சோறு. அப்புறம் மாத்திரை மறந்துபோவுது."

மெட்பார்மின் சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை. வெறும் வயிற்றில் பலருக்குக் குமட்டும், வயிற்றைப் புரட்டும். அந்தப் பெண் போன வாரம் அசதி என்று ஊசி போட்டுக்கொண்டதும், அதற்கு முந்தின வாரம் கால் எரிச்சல் என்று டாக்டரைப் பார்த்ததும், மாத்திரை போடாததன் தொடர்ச்சி. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர் அடிக்கடி தொந்தரவு செய்கிறவர். வீட்டில் பார்த்தால் காலைச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போன ஒரு தொழிலாளி. மாத்திரையை முதல் சோற்றோடு வைத்துக்கொள்ளச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு மேல் தேவையானால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றலாம்.

வேறு வீடுகளில் வேறு காரணங்கள் இருக்கும். ஒரே மாத்திரையைப் புருஷனும் பெண்டாட்டியும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பேத்தியின் பிரசவத்துக்கு வெளியூர் போனவர் மூன்று வாரம் மாத்திரை இல்லாமல் இருந்திருப்பார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று தானாகவே நிறுத்தியிருப்பார். கண் மங்கியதால் பிரஷர் மாத்திரை எது, சீனி மாத்திரை எது என்று தெரியாமல் மாற்றிப் போடுவார். இவை எல்லாம் நோயாளியின் குற்றம் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. அப்படித் திட்டு வாங்கியவர் அடுத்த மாதம் உண்மையைச் சொல்ல மாட்டார். மிச்ச அட்டையை ஒளித்து வைப்பார்.

அட்டையின் பயணம் இங்கே முடிந்தால் போதாது. மிச்சமிருந்த அந்த இரண்டு அட்டைகளைப் பற்றிய சேதி, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். தன்னார்வலர் சுகாதார நிலையத்து நர்ஸிடம் சொல்ல வேண்டும், நர்ஸ் டாக்டரிடம், டாக்டர் மருந்தாளுநரிடம். அப்போதுதான் அடுத்த இண்டெண்ட் நிஜமான தேவையைச் சொல்லும். இப்போது செயலியில் ஏறுவது பெரும்பாலும் மருந்து கொடுத்தாயிற்று என்ற ஒரு டிக்தான். கொடுத்தது எண்ணப்படுகிறது, உள்ளே போனது எண்ணப்படுவதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு மாதமும் வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகளை எண்ணி எழுதட்டும். ஓபி சீட்டில் குடும்பப் பதிவேட்டு எண்ணும் இருக்கட்டும். ஒருவர் மாதத்தில் மூன்றாவது தடவை வந்தால் மருந்து ஜன்னலுக்கு முன்பே அது தெரியட்டும். அப்படித் தெரிந்தவரிடம் ஏன் இத்தனை தடவை என்று அதட்டாமல், என்ன தீரவில்லை என்று கேட்பதற்கு ஒரு நர்ஸுக்கு நேரம் ஒதுக்கட்டும். சேரன்மகாதேவியும் முக்கூடலும் ஹைகிரவுண்டும் ஒரே எண்ணைப் பார்க்கட்டும். மாதக் கூட்டத்தில் அடிக்கடி வந்தவர் பட்டியலோடு, வராமல் போனவர் பட்டியலையும் வாசிக்கட்டும். அந்தப் பட்டியல் ஊராருக்குத் தெரியாமல் காக்கப்படட்டும். யாருக்கு என்ன நோய் என்பது அவரவர் மானம்.

இத்தனையும் நடக்க வேண்டுமானால் அந்தத் தன்னார்வலர் நிலைத்து நிற்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது அவருக்கு மாத ஊக்கத்தொகை 4,500 ரூபாய். பிறகு கூடியிருக்கிறது, ஆனால் ஒரு குடும்பம் நடத்தப் போதாது. கழகம், கிடங்கு, ஆய்வுக்கூடம், பாஸ்புக் என்று முப்பது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய நல்ல ஏற்பாட்டின் கடைசி மைல் அவர் காலில் நடக்கிறது. ஆளை ஆளாக அறிந்தவர் அந்த வழியில் அவர் ஒருவர்தான். அவருக்குத் தன்னார்வலர் என்ற பெயரை மாற்றி, முறையான சம்பளமும் பணிப் பாதுகாப்பும் கொடுப்பது, டெண்டரில் மிச்சம் பிடித்த பணத்தைச் செலவிடச் சரியான இடம்.